பண்ணைப் பாலத்துக்கு ஒரு திகதி

என்னைக் கூப்பிட்டது காரோட்டத்துக்கு அல்ல,
நேரத்துக்கு.
யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பதினேழு வருடமாய்
தீவுப் பக்கத்துப் பஸ்களை விடுகிற ரைம் கீப்பர் நான்.
பண்ணை வீதியை எத்தனை மணித்தியாலம் பூட்டலாமென்று
சொல்லக்கூடிய ஆள் வேறில்லையென
கச்சேரியில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள்.

வந்தவர் பெயர் ஹென்றிக்.
நெடுத்த மனிதர், வெயிலில் அவித்த இறாலின் நிறம்.
தடியில் பூட்டிய ஒற்றைச் சில்லைத்
தள்ளிக்கொண்டே நடந்தார்; அது மீற்றர் சொன்னது.
கோட்டையைச் சுற்றி ஒரு வளைவு,
முனியப்பர் கோயிலடியில் ஒரு திருப்பம்,
பிறகு கடலை அறுத்துக்கொண்டு நேரே பாலம்.
"இப்படி ஒரு நேர்கோடு உலகத்தில் குறைவு."
மொழிபெயர்க்க வந்த கஸ்தூரிகா
அதை இரண்டு தரம் சொன்னாள்,
தனக்கே பிடித்துப்போய்.

வளைவில் நின்று கேட்டார்:
கார் தவறினால் போய் நிற்க இடம் எங்கே?
சரளை பரப்பிய வெறும் நிலம் வேண்டுமாம், நாற்பது மீற்றர்,
பிழைவிடுகிறவனுக்கென்று.
ஒரு பக்கம் அகழி. மறுபக்கம் கடல்.
இடுப்பளவு தண்ணியில் இறால் கூடு கட்டிக்கொண்டிருந்த
யேசுறட்ணம் அண்ணாந்து கேட்டான்:
"உங்கடை கார் விழுந்தா எங்கடை கூட்டுக்கு ஆர் பதில்?"
கஸ்தூரிகா அதை மொழிபெயர்க்கவில்லை.
ஹென்றிக் என்னவோ குறித்துக்கொண்டார்.

பிறகு திகதி.
குளிரூட்டிய அறை, றோல்ஸ், பிளேன்ரீ.
சுவரில் உலகத்தின் ஒரு வருடம் விரிந்து கிடந்தது,
வாரத்துக்கொரு நகரம் ஏற்கெனவே ஏறிக் குந்தியிருந்தது.
கார்கள் கப்பலில் வரவேண்டும், மூன்று கிழமை.
மிஞ்சிய வாரங்களை அவர் வாசிக்க
நான் என் பஸ்களைப் பார்த்தேன்.

மார்ச்? கச்சதீவுப் பெருநாள்.
சனம் முழுக்க இந்தப் பாலத்தால்தான் குறிகாட்டுவான் போகும்.
மே?
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்காமல் அடுத்ததுக்குப் போனார்.
ஜூன், நயினாதீவுக் கொடியேற்றம்.
ஜூலை, குருநகர் யாகப்பர்.
ஓகஸ்ட் என்றதும் கச்சேரிக்காரர் எல்லாரும் சிரித்தார்கள்;
நல்லூரானுக்குப் பூட்டுகிற வீதிகளே எங்களுக்குக் காணும்.
நவம்பர்?
மறுபடி வேண்டாம் என்றேன்.
இம்முறை நிமிர்ந்து பார்த்தார்.
"மழை," என்றாள் கஸ்தூரிகா.
மழையும்தான்.

கடைசியில் அகப்பட்டது
செப்ரெம்பரில் ஒரு மூன்றாம் ஞாயிறு.
கச்சேரிப் பெரியவர் எழும்பிக் கை கொடுத்தார்.
நான் இருந்தபடியே கணக்கைச் சொன்னேன்:
வெள்ளி மத்தியானம் தொட்டு ஞாயிறு இருட்டும்வரை
நூற்றுப் பன்னிரண்டு பஸ் நிற்கும், அதைச் சமாளிக்கலாம்.
ஊர்காவற்றுறை அம்புலன்ஸ் வந்தால் மட்டும்
ஏழு நிமிடம் பாலம் திறக்கவேண்டும்.
ஏழே நிமிடம்.
ஹென்றிக் பேனையை மேசையில் வைத்தார்.
பந்தயம் நடுவில் நிற்காது, என்றார் மரியாதையாக.
அம்புலன்ஸும், என்றேன்.

ஆறு கிழமையால் கடிதம் வந்தது.
அந்த ஞாயிறு வேறெங்கோ ஒரு துறைமுக நகரத்துக்கு.
உங்கள் நேரக்காப்பாளருக்கு எங்கள் வணக்கம் என்று
கடைசி வரியில் கிடந்ததாம்.
கச்சேரிப் பெரியவர் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

கோட்டையடியில் மஞ்சள் கோடுகள் இன்னும் அழியவில்லை,
எட்டு மீற்றருக்கொன்று, மாறி மாறி.
பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு சி.ரி.பி.யை விடுகிறேன்,
மூன்று நிமிடம் பிந்தி மினிபஸ்ஸை.
அந்தக் கோடுகளுக்கு வரமுன்னமே
ஒன்றையொன்று முந்தப் பார்க்கும், தெரியும் எனக்கு;
பதிவுப் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லை.

நேற்றுப் பாலத்தால் போகையில் பார்த்தேன்.
யேசுறட்ணம் தன் கூட்டை
வளைவிலிருந்து இருபது பாகம் தள்ளிக் கட்டியிருக்கிறான்.
கார் வராதாம், தெரியாதோ என்றேன்.
தெரியும் என்றான்.
தள்ளின இடத்திலேயே கிடக்கட்டுமாம்.